என் கோப்புகளைத் தொடாத கருவி

நான்காவது முறையாக என் வலைப்பூப் பதிவுகளை ஒரு வெளியீட்டுக் கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்த நாளில், அந்த ஆண்டு புதிதாக எழுதியவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். ஏழு. கருவியை நிறுவவும் அதன் அமைப்புகளைச் சரிசெய்யவும் செலவான மாலைப்பொழுதுகளோ நாற்பதுக்குக் குறையாது. எழுதுவதற்காகத்தான் இவ்வளவையும் தொடங்கினேன். அந்தக் கணக்கு என்னை மிகவும் வருத்தியது. வெறும் உரைக்கோப்பில் எழுதி வலைப்பூவில் வெளியிட விரும்பும் வேறு யாருக்கும் அந்த நாற்பது மாலைகள் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் உலாவிக்குள் இருக்கும் பெட்டியில்தான் நேரடியாக எழுதிவந்தேன். ஓர் இரவு இரண்டு மணி நேரம் எழுதி முடித்து 'வெளியிடு' பொத்தானை அழுத்தினேன். உள்நுழைவு காலாவதியாகிவிட்டது என்று கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்து நின்றது. திரும்பிப் போனால் பெட்டி காலி. அன்றிலிருந்து முதலில் என் கணினியில் கோப்பு, பிறகுதான் மற்றவை என்று வைத்துக்கொண்டேன். ஆனால் கோப்பில் எழுதியதைப் பெட்டியில் ஒட்டும்போது பத்திகள் கலைந்தன. இணைப்புகளை ஒவ்வொன்றாக மறுபடி கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பிழையைத் திருத்தினால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும், ஓரிடத்தில் மறந்துவிடுவேன். ஆறு மாதத்துக்குள் என் கோப்பில் இருந்ததும் வெளியே இருந்ததும் வெவ்வேறு கட்டுரைகளாகியிருந்தன.

இதற்கு விடை ஏற்கெனவே இருந்தது. 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன் என்ற எழுத்துமுறை, மின்னஞ்சல்களில் மக்கள் இயல்பாக இட்டுவந்த குறிகளையே இலக்கணமாக்கிக்கொண்டது: அழுத்தம் கொடுக்க உடுக்குறி (*), பட்டியலுக்குச் சிறுகோடு, வெற்றுவரி விட்டால் புதிய பத்தி. குறிகளோடு படித்தாலும் உரை உரையாகவே இருக்கும். 2008இல் டாம் பிரெஸ்டன்-வெர்னர் உருவாக்கிய ஜெக்கில், ஒரு கோப்புறை நிறைய இருக்கும் இத்தகைய கோப்புகளை முழு வலைப்பூவாகக் கட்டித்தந்தது. சர்வரில் தரவுத்தளம் தேவையில்லை. கட்டிமுடித்த பக்கங்களைக் கொண்டுபோய் வைத்தால் போதும். பைத்தானில் பெலிகன், கோ மொழியில் ஸ்டீவ் ஃபிரான்சியா 2013இல் தொடங்கிய ஹியூகோ, ஜாவாஸ்கிரிப்டில் இலெவன்டி என்று பிறகு வரிசை நீண்டது. எதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சுலபம் என்று நினைத்துவிட்டேன்.

முதல் கருவியை அதற்குக் கிடைத்த வார்ப்புருக்களின் (ஆயத்தப் பக்க வடிவங்களின்) அழகைப் பார்த்து எடுத்தேன். அந்த அழகை நிறுவ ஒன்பது நீட்சிகள், அதாவது கருவியோடு சேர்க்கும் துணை நிரல்கள், வேண்டியிருந்தன. இரண்டு ஆண்டுகள் நன்றாகவே ஓடியது. பிறகு கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தேன். கருவி எழுதப்பட்ட நிரல்மொழியின் பதிப்பு உயர்ந்தது. ஒன்பதில் மூன்று நீட்சிகள் ஓட மறுத்தன. ஒன்றைச் சரிசெய்தால், அது கேட்கும் பதிப்பு இன்னொன்றுக்கு ஒத்துவரவில்லை. அந்த வாரம் மிக நெருங்கியவர் ஒருவருக்கு இரங்கல் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அது பதினொரு நாள் கழித்தே வெளியானது. இரங்கல் குறிப்பு பதினொரு நாள் காத்திருக்கக் கூடாது. இன்றும் அந்தப் பதிவின் தேதியைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

அடுத்த கருவி எதையும் சார்ந்திராத ஒற்றை நிரல், அதிவேகம். இந்தமுறை பாடம் வேறு இடத்திலிருந்து வந்தது. படம் இடுவதற்கு அந்தக் கருவி ஒரு குறுங்கட்டளை தந்தது. காணொளிக்கு இன்னொன்று, பழைய பதிவை இணைக்க மற்றொன்று. இரட்டை அடைப்புக்குறிக்குள் இரண்டு சொல் எழுதினால் வேலை முடிந்தது. வசதியாக இருந்ததால் தாராளமாகப் பயன்படுத்தினேன். அங்கிருந்து வெளியேற முடிவு செய்தபோது எண்ணினேன்: 340 இடங்கள். வேறு எந்தக் கருவிக்கும் அவை புரியாது. எடிட்டரில் திறந்து படித்தால் எனக்கே பாதி புரியவில்லை.

அப்போதுதான் தேடவேண்டியது எது என்று தெளிவாகத் தெரிந்தது. வேகம், வார்ப்புரு, நீட்சி ஆகியவற்றை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கருவி நாளை இல்லாமல் போனால், என் கோப்புக்குள் பொருளற்றுப் போகும் வரிகள் எத்தனை? ஒவ்வொரு முறை மாறும்போதும் நான் கொடுத்த விலை அந்த வரிகளின் எண்ணிக்கைதான். எந்தக் கருவியும் ஒருநாள் நிற்கும் அல்லது நம் தேவைக்கு ஒவ்வாமல் போகும், கோப்பு மிச்சமிருக்கும். ஆகவே கோப்புக்குள் கருவிக்காக எதையும் எழுதச் சொல்லாத கருவியே எனக்கு எளிய கருவி. நிறுவுவது எளிதா என்பதை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

இந்த அளவுகோலை வைத்து முதலில் கை வைத்தது கோப்பின் தலைப்பகுதியில். மூன்று சிறுகோடுகளுக்கு இடையே தலைப்பு, தேதி, வகை, குறிச்சொற்கள், முகப்புப் படம், வரைவா இல்லையா, எந்த வார்ப்புரு என்று பதினோரு வரிகள் சேர்ந்திருந்தன. இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன்: தலைப்பு, தேதி. வரைவுகள் தனிக் கோப்புறையில் இருக்கின்றன; முடிந்ததும் நகர்த்துகிறேன். வகைகளை விட்டதில் இழப்பு எதையும் உணரவில்லை. என் வகைப் பக்கங்களுக்கு யாரும் வந்ததாகச் சர்வரின் பதிவேட்டில் தடயமே இல்லை.

அந்த இரண்டு வரியிலும் ஓர் எச்சரிக்கை. தலைப்பில் முக்காற்புள்ளி வந்தால் முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். தலைப்பகுதிக்குப் பயன்படும் யாமல் இலக்கணத்தில் முக்காற்புள்ளிக்கு வேறு பொருள் உண்டு. நம் கட்டுரைத் தலைப்புகளில் பாதி 'இன்னது: ஒரு பார்வை' என்ற வடிவில்தான் இருக்கின்றன என்பதை இந்தப் பிழை வந்தபிறகே கவனித்தேன். தேதியோடு நேரத்தையும் எழுதுபவர்கள் நேர வலயத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு கருவி, வலயம் குறிக்காத நேரத்தை கிரீன்விச் நேரம் என்று எடுத்துக்கொண்டது. நான் இருக்கும் இடத்தின் கடிகாரம் அதற்கு முன்னால் ஓடுவது. காலை எட்டு மணி என்று நான் எழுதியது அதன் கணக்கில் இன்னும் வராத நேரம். வராத நேரத்துப் பதிவை அது வெளியிடாது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. கட்டி முடித்தேன், அனுப்பினேன், பதிவு மட்டும் இல்லை. மத்தியானத்துக்குமேல் மறுபடி கட்டியபோது தானாகத் தோன்றியது. காரணம் புரிய மூன்று பதிவுகள் ஆயின. இப்போது நாளை மட்டும் எழுதுகிறேன், நேரம் எழுதுவதில்லை.

மார்க்டவுனுக்கும் சில குணங்கள் உண்டு, தெரிந்துகொண்டால் தொல்லையில்லை. பத்தியின் முதல் வரியை உள்தள்ளி எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. நான்கு இடம் தள்ளினால் அந்தப் பத்தியை நிரல்துண்டு என்று கொண்டு, தட்டச்சு எழுத்தில் பெட்டி கட்டிக் காட்டிவிடும். ஒரு பத்தியை '2004.' என்று ஆண்டோடும் முற்றுப்புள்ளியோடும் தொடங்கி ஓர் இடைவெளி விட்டால், எண்ணிட்ட பட்டியல் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும். எனக்கு மிகவும் வலித்தது கவிதை. அடியை மடக்க வரியின் கடைசியில் இரண்டு வெற்றிடம் விட வேண்டும் என்பது மூல விதி. கண்ணுக்குத் தெரியாத குறி அது. என் எடிட்டரோ வரியின் கடைசியில் இருக்கும் வெற்றிடங்களைச் சேமிக்கும்போது துடைத்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. பதினான்கு கவிதைகள் அடியெல்லாம் ஒன்றாகி உரைநடைப் பத்திகளாக நின்றன. நானாகப் பார்க்கவில்லை, படித்த ஒருவர் எழுதிக் கேட்டபோதுதான் தெரிந்தது. மார்க்டவுனைத் தெளிவாக வரையறுக்க 2014இல் வந்த காமன்மார்க் வரையறையில் வரியின் கடைசியில் ஒரு பின்சாய்கோடு இட்டாலும் அடி மடங்கும். இப்போது அதைத்தான் இடுகிறேன். கண்ணுக்குத் தெரிகிறது, துடைக்கப்படுவதில்லை, பல கருவிகளுக்குப் புரிகிறது.

தமிழில் எழுதுகிறவர்கள் இதற்குமேல் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கருவிகளின் கையேடுகளில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பல கருவிகள் தலைப்பிலிருந்து முகவரியைத் தாமே உருவாக்கும். எழுத்தும் எண்ணும் தவிர மற்றவற்றை நீக்கிவிட்டு உருவாக்குவது வழக்கம். இங்கே 'எழுத்து' என்பது எது என்பதில்தான் சிக்கல். யூனிகோடில் க, ல போன்றவை எழுத்துகள். கால், கொம்பு, புள்ளி முதலியவை எழுத்தோடு சேரும் குறிகள். நான் பயன்படுத்திய ஒரு கருவி குறிகளை எழுத்தாகக் கொள்ளாமல் வெட்டிவிட்டது. 'காலை' என்று ஒரு பதிவு எழுதியிருந்தேன். பல மாதம் கழித்து 'கலை' என்று இன்னொன்று. வெட்டியபின் இரண்டும் 'கல' ஆயின. இரண்டாவது, முதலாவதின் மேல் எழுதப்பட்டுவிட்டது. நல்லவேளை, மூலக்கோப்புகள் இரண்டும் தனித்தனியாக என்னிடம் இருந்தன.

குறிகளை வெட்டாத கருவியிலும் தமிழ் முகவரி நீளமானது. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். முகவரியைப் பிரதியெடுத்து அனுப்பும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். 'தமிழ்' என்ற ஒரு சொல் 45 எழுத்துகளாக நீள்கிறது. கோப்புப் பெயரிலும் இதே கணக்கு. லினக்ஸில் பரவலாக இருக்கும் கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் அது 85 குறியீடுகள்தான். கால், புள்ளி எல்லாவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். எட்டுப் பத்துச் சொல் உள்ள தலைப்பு அதைத் தாண்டிவிடும்.

இன்னொன்று நுட்பமானது. 'கொ' என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வும் ஒற்றை ஒகரக் குறியும், அல்லது க-வும் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வேறுபாடு தெரியாது. யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது. ஆனால் எளிய தேடல் நிரல்கள் பைட்டைத்தான் ஒப்பிடுகின்றன. 'கொடி' என்று தேடினேன். நான் எழுதியது உறுதியாக நினைவிருந்தும் கிடைக்கவில்லை. பழைய கணினியில் வேறு விசைப்பலகை மென்பொருள் வைத்திருந்தேன், அது பிரித்துச் சேமித்திருந்தது. எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை, இத்தகையவற்றைச் சேர்த்தே சேமிக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினேன்; பைத்தானில் நான்கு வரி நிரல் போதுமானதாக இருந்தது. புதிய கருவி ஏதும் எடுக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். மெக்கிண்டாஷின் பழைய கோப்பு முறைமை கோப்புப் பெயர்களையும் இப்படிப் பிரித்தே சேமித்தது; அங்கிருந்து வேறு கணினிக்குப் போகும்போது, இணைப்பில் உள்ள பெயரும் கோப்பின் பெயரும் ஒன்றுபோலத் தெரிந்தும் பொருந்தாமல் போகலாம்.

இவ்வளவையும் பார்த்தபின் நான் எடுத்த முடிவு: உள்ளே முழுவதும் தமிழ், கோப்புப் பெயர் மட்டும் ஆண்டு, மாதம், நாள், பிறகு ரோமன் எழுத்தில் இரண்டு சொல். அந்தப் பெயரே முகவரி. கருவி எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. தமிழ் முகவரி வேண்டும் என்று விரும்புபவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது, எனக்கும் இருந்தது. ஆனால் ஒரு முகவரி பல ஆண்டு மாறாமல் நிற்பது எனக்கு அதைவிட முக்கியம்.

கருவிகளைச் சோதிக்க இப்போது ஒரு முறை வைத்திருக்கிறேன். ஆறு கோப்புகள். அடிக்குறிப்புகள் உள்ள நீண்ட கட்டுரை, ஒரு கவிதை, படமும் அட்டவணையும் உள்ள பதிவு, தலைப்பில் முக்காற்புள்ளி உள்ள பதிவு, 'காலை', 'கலை'. இவற்றைத் துளியும் மாற்றாமல் கருவியிடம் கொடுப்பேன். ஒரு மணி நேரத்துக்குள் ஆறும் சரியான பக்கங்களாக வந்தால் மேற்கொண்டு பார்க்கலாம். கோப்பை மாற்றினால்தான் வரும் என்றால் அத்தோடு நிறுத்திவிடுவேன். அந்த ஒரு மணி நேர வரம்பு மிக முக்கியம். அது இல்லாமல்தான் என் மாலைகள் போயின.

ஆறும் பிழையின்றி வந்தது பான்டாக்கில். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட மாற்றி அது. வலைப்பூக் கருவியே அல்ல. ஒரு வடிவத்தில் உள்ள ஆவணத்தை இன்னொரு வடிவத்துக்கு மாற்றும், அவ்வளவுதான். முகப்புப் பட்டியலையும், புதிய பதிவுகளை வாசகர்களின் படிப்பான்களுக்குத் தெரிவிக்கும் செய்தியோடையையும் நாமே உருவாக்க வேண்டும். அதற்கு, கணினிக் கட்டளைகளை வரிசையாக இயக்கும் ஷெல் நிரலாக எழுபது வரி எழுதினேன். எந்தக் கோப்பு மாறியது என்று பார்த்து அதை மட்டும் மாற்றும் வேலையை மேக் (make) என்ற நிரல் கவனித்துக்கொள்கிறது. ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதிய நிரல் அது. இவ்வளவு பழையது இன்னும் ஓடுகிறது என்பதே எனக்குத் தைரியம் தந்தது. எடிட்டரில் ஒரு விசைச்சேர்க்கையை இந்த நிரலோடு இணைத்திருக்கிறேன். எழுதி முடித்து, எடிட்டரை விட்டு வெளியே வராமலேயே வெளியிட முடிகிறது.

அந்த எழுபது வரியில் மிகக் கவனமாக எழுத வேண்டியது செய்தியோடை. 2005 இறுதியில் தரநிலையான ஆட்டம் (Atom) என்ற செய்தியோடை வடிவத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாளம் கட்டாயம். அது ஒருபோதும் மாறக் கூடாது. முன்பு ஒருமுறை கருவி மாறியபோது என் அடையாளங்கள் எல்லாம் மாறிவிட்டன. செய்தியோடை வழியாகப் படிப்பவர்களுக்கு ஒரே காலையில் 180 பழைய பதிவுகள் புதியவைபோல் போய்ச் சேர்ந்தன. அவர்களுடைய நேரத்தை வீணாக்கியதற்காக எழுதி மன்னிப்புக் கேட்டேன். இப்போது கோப்புப் பெயரிலிருந்தே அடையாளம் உருவாகிறது. பெயரை நான் மாற்றாதவரை அதுவும் மாறாது.

பக்கங்களைச் சர்வருக்கு அனுப்ப ஆர்சிங்க் (rsync) என்ற நிரலைப் பயன்படுத்துகிறேன். அதில் 'டிலீட்' என்ற தேர்வு, இங்கே இல்லாத கோப்புகளை அங்கேயும் நீக்கும். ஒருநாள் பான்டாக் பாதியில் நின்று, இங்கே கோப்புறை காலியாக இருந்தது. நிரல் அதைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போனது. ஆர்சிங்க் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. என் வலைப்பூ முழுவதும் காலி. மறுபடி கட்டி அனுப்ப இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மூலம் என் கையில் இருந்ததால். ஆனாலும் அந்தக் கணத்தில் கை நடுங்கியது. பக்கங்களின் எண்ணிக்கை சென்ற முறையைவிடக் குறைந்தால் அனுப்பாமல் நிற்கும்படி இரண்டு வரி சேர்த்தேன்.

எல்லாரும் நிரல் எழுத வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஷெல் நிரலில் பழக்கமில்லாதவருக்கு ஹியூகோ நல்ல தேர்வு. ஆனால் குறுங்கட்டளைகளைத் தொடாதீர்கள், வார்ப்புருவை முடிந்தவரை சிறியதாக நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், ஓடுகிற பதிப்பின் நிரலை உங்கள் பதிவுகளோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் வாழ்பவர்களுக்கு அதன் ஆர்க் (Org) என்ற எழுத்து வடிவம் மார்க்டவுனைவிடச் சுகமாக இருக்கும். பான்டாக் அதையும் படிக்கும். கைபேசியிலிருந்து அடிக்கடி வெளியிடுபவர்களும் பலர் சேர்ந்து எழுதுபவர்களும் தரவுத்தளத்தோடு கூடிய வழக்கமான அமைப்பிலேயே இருப்பது நல்லது. என் வழி அவர்களுக்குச் சுமை.

ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே ஒரு மாலை, வெளியேறும் ஒத்திகை பார்க்கிறேன். முழுக் கோப்புறையையும் பிரதியெடுத்து, நான் பயன்படுத்தாத கருவி ஒன்றிடம் கொடுத்துப் பார்ப்பேன். இந்த ஆண்டு ஹியூகோவில் ஓட்டினேன். நான்கு கோப்புகள் கலைந்து வந்தன. நான்கிலும் பான்டாக்குக்கு மட்டுமே புரியும் பலவரி அட்டவணையை நான் எழுதியிருந்தேன். மூன்றைக் குத்துக்கோடு இட்ட சாதாரண அட்டவணைகளாக மாற்றினேன். நான்காவதில் அட்டவணையே தேவையில்லை என்று படித்துப் பார்த்தபோது தெரிந்தது; அதை ஒரு பத்தியாக எழுதிவிட்டேன்.